கத்தி இல்லை, பிடி

என் அண்ணிக்கு அவர் வேலை பார்க்கும் இடத்தில் வைத்திருக்கும் பட்டப்பெயர் பிளேடு. வைத்தவர்கள் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆத்திரம். நம் பேச்சில் இது ஒரு பெரிய வசதி. விரலை அறுப்பதும் பிளேடு, அறுத்துவிட்டது என்று ஒருத்தி வாய்திறந்து சொன்னால் அவளும் பிளேடு. "ஆரம்பிச்சுட்டாங்கடீ, பிளேடு பிளேடைப் பத்தியே பிளேடு போடுது" என்று யாராவது சொல்வார்கள். மேசை முழுக்கச் சிரிக்கும். சிரிக்கிறவர்களின் விரல்களைப் பார்த்தால் எல்லாவற்றிலும் பிளாஸ்திரி.

அண்ணிக்கு நூல் வெட்டுகிற வேலை. ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனியில் கடைசிப் பகுதி அதுதான். மெஷினிலிருந்து இறங்கும் சட்டையில் அங்கங்கே பிசிறு தொங்கும். பொத்தான் துளையின் ஓரம், காலர் மடிப்பு, அக்குள் தையல் எல்லாவற்றிலும் அதை ஒட்ட வெட்ட வேண்டும். கோணலாக விழுந்த தையலைப் பிரிக்கவும் வேண்டும். அப்புறம்தான் சட்டை இஸ்திரிக்குப் போகும். நீளமான மேசை, இரண்டு பக்கமும் பெண்கள், எல்லோரும் நின்றபடி. ஒவ்வொருத்தி கையிலும் அரை பிளேடு. ஆண்கள் முகம் மழிக்கிற அதே பிளேடுதான். காகித உறையைப் பிரிக்காமல் நீளவாக்கில் மடக்கினால் டிக்கென்று இரண்டாக முறியும். ஒரு பாதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு பொழுதுக்கும் வெட்ட வேண்டியதுதான். பிடியும் கிடையாது, உறையும் கிடையாது. சட்டையைப் புரட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தால் பிளேடை உதட்டில் கவ்விக்கொள்வார்கள். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். உதட்டில்தான்.

கத்தரி கொடுக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். முனை தடிமனாக இருந்ததால் காலர் மடிப்புக்குள் போகவில்லை. பொத்தான் துளைப் பக்கம் போனால் துணியையும் சேர்த்துக் கடித்தது. சில சட்டைகள் ஓட்டை விழுந்ததும் கத்தரிகளை அவசர அவசரமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் பிளேடைக் கொடுத்துவிட்டார்கள். சட்டைக்கு ஒன்று என்றால் அங்கே எல்லாருக்கும் மனசு பதறும். மேசைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு மாட்டியிருக்கிறார்கள்: 'சட்டையில் ரத்தக் கறை படக் கூடாது.' கையை வெட்டிக்கொள்ளாதீர்கள் என்று ஒரு வரி இல்லை. வெட்டிக்கொள், ஆனால் தள்ளி நின்று வெட்டிக்கொள் என்பதுதான் அதன் அர்த்தம். அதை எழுதியவனுக்குத் தாய், தங்கை யாருமே இல்லையோ என்னவோ.

அண்ணி கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவருக்கு மெஷினுக்குப் போக வேண்டும் என்று ஆசை. மெஷின் என்றால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ஒரு கௌரவம் உண்டு. கையில் ஒரு தொழில் இருக்கிறது என்று நாளைக்கு வேறு எங்கேயும் போய் நிற்கலாம். அவர் முறை வருவதற்கு முன்னால் பிளேடு நழுவி ஆள்காட்டி விரலின் உள்பக்கம் ஆழமாக இறங்கிவிட்டது. தையல் போட்டார்கள், புண்ணும் ஆறியது, ஆனால் விரல் மரத்துப்போனது போனதுதான். மெஷினில் இரண்டு துணியைச் சேர்த்து ஊசிக்கு அடியில் தள்ளும்போது அடித்துணி நழுவுகிறதா என்று விரல்தான் சொல்ல வேண்டும். அண்ணியின் விரல் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சை வைத்த அன்றே திருப்பி மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் டீ டம்ளரை அந்த விரலால் அவர் தொட மாட்டார். சுடுகிறதா, ஆறிவிட்டதா என்று அதற்குத் தெரியாது.

என் அண்ணன் நல்லவன். நல்லவர்களிடம் எனக்கு அவ்வளவாக மதிப்பு கிடையாது. அண்ணி எதைச் சொன்னாலும் "எல்லா இடத்துலயும் அப்படித்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்பான். அவனுடைய மகளும் அதே மேசையில் போய் நின்றபோதும் அதையேதான் சொன்னான். மேசையில் வேகம் காட்டுகிறவர்களுக்குத்தான் மெஷின் கிடைக்கும் என்பது கம்பெனி வழக்கம். பெண்ணுக்கு அம்மாவின் அதே ஆசை. அம்மாவை விட வேகமான கை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒரு சாயங்காலம் உதட்டில் பஞ்சு ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிளேடைக் கவ்விக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவள் ஏதோ ஜோக் சொன்னாளாம். இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம்.

அன்றைக்கு அண்ணி பஞ்சை விலக்கிக் காயத்தைப் பார்த்தார். நேராக என் கடைக்கு வந்தார்.

எனக்குத் தெருமுனையில் சாவிக்கடை. கதவகலம்தான் இருக்கும். உள்ளே ஒரு பட்டறை மேசை, அதில் சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், அரம் வகையறா, ஆணியில் வெட்டாத சாவிகள், கீழே ஒரு டப்பா நிறையச் செத்த பூட்டுகள். அண்ணி முறித்த பிளேடு ஒன்றை வைஸ் மேல் வைத்தார்.

"தம்பி, இதுக்கு ஒரு பிடி செய்யணும்."

"கடையில பேனாக்கத்தி விக்கறான் அண்ணி, ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமே."

"அது ரெண்டு நாள்ல மழுங்கிடும். எங்களுக்குப் பிளேடு கூர்தான் வேணும், மழுங்கினா மாத்தணும். மாத்தறப்பதான் பாதிப் பேர் வெட்டிக்கறாளுங்க. எம் பொண்ணு பத்து விரலோட மெஷினுக்குப் போகணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யுங்க."

உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார். கோபமாக இருந்தாலும் அண்ணி என்னை 'நீங்க' என்றுதான் சொல்வார். அதனால் வசவு இன்னும் கொஞ்சம் உறைக்கும்.

முதலில் செய்ததைப் பார்த்தால் எனக்கே இப்போது சிரிப்பு வருகிறது. இரண்டு தகடு, நடுவில் பிளேடு, இறுக்க ஒரு திருகு. அண்ணி காலர் மடிப்பில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தார். பிளேடு துணியிலேயே நின்றுவிட்டது, வெறும் தகடு கையோடு வந்தது.

"தம்பி, நீங்க பூட்டு செய்யறீங்களா, பொம்மை செய்யறீங்களா?"

முறித்த பிளேடின் முறிந்த பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முழு பிளேடின் நடுவில் இருக்கும் ஓட்டை பாதியாகி, அந்தப் பக்கம் பள்ளம் பள்ளமாக இருக்கும். அடுத்த தடவை தகட்டில் அந்தப் பள்ளங்களில் உட்காருகிற மாதிரி சின்ன முளைகள் வைத்தேன். இழுத்தால் வரவில்லை. பெருமையாக நீட்டினேன். அண்ணி வாங்கிப் பார்த்துவிட்டு மேசை மேல் போட்டார்.

"கீழ போட்டா எப்படிக் கிடக்குது பாருங்க. வாயைத் திறந்துக்கிட்டு. அப்புறம் பிடி எதுக்கு? விட்டா அதுவே மூடிக்கணும்."

"மடக்கற மாதிரி வெக்கட்டுமா?"

"மடக்கறதுக்கு எவளுக்கு நேரம் இருக்கு? மடக்கறப்ப விரலையும் சேர்த்துக் கவ்வும். மடக்கறது, திருகறதுன்னா ஒருத்தியும் செய்ய மாட்டா. ஒண்ணும் செய்யாமலே மூடணும்."

இப்படித்தான் எங்களுக்குள் நாள்கணக்கில் நடந்தது. அவர் வருவார், திட்டுவார், நான் அரத்தை எடுப்பேன். எனக்கும் முன்கோபம் உண்டு. ஒரு தடவை "உங்களுக்கு வேணும்னா நீங்களே ராவிக்குங்க" என்று அரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். அவர் அசராமல் உட்கார்ந்து ராவ ஆரம்பித்துவிட்டார். சாவி வெட்ட வந்தவர் நின்று வேடிக்கை பார்த்தார். வெட்கமாகப் போய் அரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கடைசியில் வந்தது இதுதான். உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டையான ஒரு கூடு. உள்ளே பிளேடு உட்கார மூடி வைத்த ஒரு குட்டித் தட்டு. கூட்டின் மேல் ஒரு பொத்தான். கட்டைவிரலால் அதை அழுத்தி முன்னால் தள்ளினால் தட்டு வெளியே நீளும், பிளேடின் முனை மட்டும் எட்டிப் பார்க்கும். விரலை எடுத்தால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் டக்கென்று பின்னால் இழுத்துவிடும். செத்த பூட்டுகளின் ஸ்பிரிங்குகளுக்கு அப்படி ஒரு மறுபிறவி கிடைத்தது. கீழே போட்டாலும் மூடிக்கொள்ளும், பையில் போட்டாலும் மூடிக்கொள்ளும், உதட்டில் கவ்வினாலும் மூடித்தான் இருக்கும்.

பிளேடு மாற்றுகிற வழியைக் கண்டுபிடித்தவர் அண்ணிதான். முறிக்கும்போது பிளேடு காகிதத்துக்குள்தானே இருக்கிறது, அப்புறம் எதற்குப் பிரிக்க வேண்டும் என்றார். முறிந்த பக்கத்தை மட்டும் வெளியே நீட்டி, கூர் பக்கம் காகிதத்துக்குள் இருக்கும்படியே தட்டில் வைத்து மூடியை அழுத்திவிட்டு, காகிதத்தை மட்டும் உருவிவிட்டால் போயிற்று. விரல் கூர் பக்கமே போகாது. பழைய பிளேடு விழுவதற்கு ஒரு தகர டப்பாவின் மூடியில் கீறல் போட்டுக் கொடுத்தேன். மேசைப் பெண்கள் அதற்கு உண்டியல் என்று பெயர் வைத்தார்கள்.

அண்ணி அதை முதல்நாள் எடுத்துப் போனபோது கேட்டிலேயே மறித்துவிட்டார்கள்.

"கத்தியெல்லாம் உள்ள விட மாட்டோம்மா" என்றாராம் காவலாளி.

"உள்ள எல்லார் கையிலயும் பிளேடு இருக்கேப்பா."

"அது பிளேடு. இது கத்தி. ஆயுதம் கொண்டு போகக் கூடாதுன்னு ரூல் இருக்கு."

பாருங்கள் நியாயத்தை! அம்மணமாக இருந்தால் பிளேடு, உள்ளே போகலாம். அதற்கு ஒரு சட்டை மாட்டிவிட்டால் அது கத்தி, ஆயுதம், கேட்டுக்கு வெளியே. அண்ணி அங்கேயே நின்று உள்ளிருக்கும் பிளேடைக் கழற்றி ஒரு கையில் பிடித்தார், கூட்டை மறு கையில் பிடித்தார்.

"இது பிளேடு, விடுவீங்க. இது வெறும் பிடி. பிடிக்கு ஏதாவது ரூல் இருக்கா?"

காவலாளி யோசித்துவிட்டு வழிவிட்டாராம். அன்றிலிருந்து அதன் பெயர் பிடி. கத்தி என்று யார் வாய்தவறிச் சொன்னாலும் அண்ணி திருத்துவார்: "கத்தி இல்லை, பிடி."

மேசையின் சூப்பர்வைசரைப் பெண்கள் டார்கெட் என்று கூப்பிடுவார்கள். மணிக்கு இத்தனை சட்டை டார்கெட் என்று பலகையில் எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். அண்ணி அவரிடம் பிடியைக் காட்டி, எல்லோருக்கும் செய்து கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். "காலங்காத்தால பிளேடு போடாதீங்கம்மா, போய் வேலையைப் பாருங்க" என்று பதில். அப்புறம் வெள்ளைச் சட்டை ஆர்டர் ஒன்று வந்தது. மூட்டை மூட்டையாகத் திரும்பியும் வந்தது. காலரில், கைமடிப்பில், பொத்தான் பட்டியில் எல்லாம் சின்னச் சின்ன ரத்தப் புள்ளி. அண்ணி கையில் வைத்திருக்கிறது என்ன என்று அன்றைக்குத்தான் டார்கெட்டுக்குக் கண் தெரிந்தது. மேசைக்கெல்லாம் என்னையே செய்து தரச் சொன்னார்கள். அவர்கள் கறையைக் காப்பாற்றினார்களா, கையைக் காப்பாற்றினார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சில மாதங்கள் நன்றாகத்தான் போயிற்று. பிளாஸ்திரி வாங்குவது நின்றுவிட்டது என்று அண்ணி சொன்னார். அப்புறம் அவரை மாடியில் தனி அறைக்கு மாற்றினார்கள். தள்ளுபடியான சட்டைகளைப் பிரிக்கிற வேலை, அதற்கு டார்கெட் கிடையாது. உங்க வயசுக்கு ஓய்வு மாதிரி இருக்கும்மா என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மேசையில் கேள்வி கேட்கிற ஒரே வாயைப் படியேற்றி விட்டார்கள் என்று எனக்கு அப்போதே பட்டது. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண் மேசையில் இருக்கிறாள், அவள் கையில் பிடி இருக்கிறது, மெஷின் லிஸ்ட்டில் பேர் வந்துவிட்டது. வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டார்.

ஒரு விடுமுறை நாள். அண்ணன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று போயிருந்தேன். நான் குழாயடியில் குனிந்திருந்தேன், அண்ணி பக்கத்தில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குக் கட்டுகிற ஏப்ரன் கைக்கு வந்தது. வெறும் பிளேடு காலத்தில் ஏப்ரன் பையை வெளியிலிருந்து தடவிப் பார்க்காமல் எந்த நூல்வெட்டுக்காரியும் உள்ளே கை வைக்க மாட்டாள். அது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அண்ணி அன்றைக்குத் தடவவில்லை. உள்ளே இருப்பது பிடிதானே, விட்டால் மூடிக்கொள்ளுமே. நேராகக் கையை விட்டார்.

கையை வெளியே எடுத்து வாளிக்கு மேல் பிடித்தார். நுரையெல்லாம் சிவந்தது. நான் ஓடி ஏப்ரனைக் கவிழ்த்தேன். பிடி தரையில் விழுந்தது, மூடவில்லை. பொத்தானை முன்னால் தள்ளி, வெள்ளை நூலால் சுற்றிச் சுற்றி இறுகக் கட்டியிருந்தது. நான் செய்த பிடி, செத்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. முடிச்சுக்குப் பக்கத்தில் ஒரு பிசிறுகூட இல்லை. நூல் நுனியை அவ்வளவு ஒட்ட வெட்டியிருந்தாள் அண்ணன் மகள். தொழில் சுத்தம்!

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அங்கேயே அறைந்திருப்பேன். பக்கத்தில் இருந்த டாக்டரிடம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஓடியதால் தப்பித்தாள். கட்டைவிரல். அதே கையில், மரத்துப்போன விரலுக்குப் பக்கத்து விரல். டாக்டர் நுனியில் ஊசியால் குத்தி வலிக்கிறதா என்று கேட்டார்.

"வலிக்குது" என்றார் அண்ணி. அவர் கண் நிறைந்துவிட்டது. "நல்லா வலிக்குது டாக்டர்." வலி இருந்தால் உணர்ச்சி இருக்கிறது என்று அர்த்தம். வலிக்குது என்று சந்தோஷப்பட்ட ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தபோது மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி கட்டின?" என்றார் அண்ணி.

"அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருந்தா கட்டைவிரல் மரத்துடுதும்மா. விட்டு விட்டு அழுத்தினா டார்கெட் எட்டாது."

"இத்தனை நாள் எட்டிச்சே?"

"அது பழைய டார்கெட். நீ மாடிக்குப் போன அந்த வாரமே ஏத்திட்டாங்க. இப்பதான் கை வெட்டறதில்லையே, பிளாஸ்திரி போட நிக்கறதில்லையே, அந்த நேரத்துலயும் வெட்டுங்கன்னு சூப்பர்வைசர் சொன்னார். உன் பிடி வந்ததாலதாம்மா ஏத்தினாங்க."

நான் குழாயை முடிக்க எடுத்த ஸ்பானரைக் கீழே போட்டேன். அண்ணி மகள் பக்கம் நெருங்கினார்.

"நீ மட்டும்தான் கட்டினியா?"

"எல்லாருமேதான்."

"எங்கிட்ட ஒருத்தியாவது ஏன் சொல்லலை?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "சொன்னா நீ பிளேடு போடுவேன்னு..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

என் அண்ணன் அதுவரை சும்மாதான் இருந்தான். இருந்திருக்கலாம். "சரி விடு, மெஷினுக்குப் போற வரைக்கும் அட்ஜஸ்ட்" என்றான். அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

என் புத்தி பூட்டுக்காரன் புத்தி. பொத்தானைக் குழிக்குள் பதித்துவிட்டால் நூல் சுற்ற முடியாது, அடியில் வைத்துவிட்டால் இன்னும் நல்லது என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி கை காட்டி நிறுத்தினார்.

"நூல் வெட்டறவளுக்கு நூலுக்கா பஞ்சம்? நீங்க எங்க கொண்டு போய் வெச்சாலும் கட்டிடுவாளுங்க. கோளாறு பொத்தான்ல இல்ல தம்பி."

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அண்ணன் மகளும் அவளோடு மேசையில் நிற்கிற பெண்களும் தனித்தனியாக என் கடைக்கு வந்து சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அண்ணி மாடிப்படி ஏறவில்லை. நேராக மேசைக்குப் போய் மகள் பக்கத்தில் தன் பழைய இடத்தில் நின்றார். கட்டுப்போட்ட கையை மேசை மேல் வைத்தார்.

"இது பிளேடு வெட்டினது இல்லடி. நூல் வெட்டினது" என்றார்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. தன் பிடியை இடது கையால் எடுத்து, நூல் கட்டாமல், அழுத்தியும் விட்டும் நிதானமாக வெட்ட ஆரம்பித்தார். எதிரில் நின்றவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் பிடியில் இருந்த முடிச்சைப் பல்லால் கடித்தாள். டக். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. டக். மேசைக் கோடியில் சிலர் தலை நிமிராமல் கட்டோடேயே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் என்ன கஷ்டமோ.

டார்கெட் தன் பலகைப் பக்கத்திலிருந்து வந்தார்.

"அம்மா, உங்க இடம் மேல. இங்க வந்து பிளேடு போடாதீங்க."

"நான் போடலை சார். மூடறேன்." டக்.

"விளையாடறீங்களா? எல்லாரும் கட்டை அவுத்துட்டா ஆர்டர் எப்படி முடியும்?"

அண்ணி வெட்டுவதை நிறுத்தினார். "கட்டியிருக்கறது உங்களுக்குத் தெரியுமா சார்?"

அவர் கண் பலகைக்குப் போய்விட்டு வந்ததாம். தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பலகையில் எழுதியிருக்கிறார். மேசையில் ஓடிக்கொண்டிருந்த கொஞ்ச நஞ்சக் கையும் அப்போது நின்றுவிட்டதாம். ஒரு ஆண்பிள்ளை இத்தனை பெண்கள் பார்க்கும்போது தப்பை ஒத்துக்கொள்வானா? அவர் திரும்பியது அண்ணி பக்கம் இல்லை, மகள் பக்கம்.

"உன் பேர் மெஷின் லிஸ்ட்ல இருக்கு. ஞாபகம் வெச்சுக்கிட்டு வேலையைப் பார்."

அந்தப் பெண் கையில் பிடி இருந்தது. முந்தின நாள் அம்மாவை வெட்டிய அதே பிடி, அதே முடிச்சோடு. அதை அவள் வீட்டிலேயே அவிழ்த்திருக்கலாம். அவிழ்க்கவில்லை. லிஸ்ட் அவள் கண்ணில் நின்றிருக்கிறது. அவளைக் குற்றம் சொல்ல நான் யார்? அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த சட்டையை இழுத்து அதன் காலரைப் புரட்டிக்கொண்டிருந்தார். மகள் முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அம்மா, உன்னோடதைக் குடு. முடிச்சு இறுகிக் கிடக்கு, வெட்டணும்."

பிறகு பலகையில் எண்ணைக் குறைத்தார்கள். பழைய எண்ணுக்குக் கொண்டுவரவில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அவசர ஆர்டர் வரும் நாள்களில் கோடியில் இன்னும் ஒன்றிரண்டு பேர் நூல் சுற்றத்தான் செய்கிறார்களாம். அண்ணியை மறுபடி மேசைக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் போகிற வழியில் எல்லார் ஏப்ரனையும் வெளியிலிருந்து தடவிப் பார்க்கிறார், கட்டு இருந்தால் அங்கேயே நின்று ஒரு மூச்சு திட்டுகிறார். பெயர் மாறவில்லை. "பிளேடு வருது, அவுத்துடுங்கடீ" என்கிறார்கள். சுவரில் அந்த அறிவிப்பும் அப்படியே இருக்கிறது.

டார்கெட்டும் அங்கேயேதான் இருக்கிறார். மெஷின் லிஸ்ட் புதிதாக ஒட்டினார்கள், அதில் அண்ணன் மகள் பேர் இல்லை. கேட்டால் அடுத்த தடவை என்கிறார்கள். இதைச் சொல்ல அவள் என் கடைக்கு வந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறேன் பார் என்று செருப்பை மாட்டினேன்.

"உக்காருங்க சித்தப்பா" என்றாள். வைஸுக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் விரித்து வைத்தாள்.

"எண்ணிக்குங்க."